பருந்து முனையில் பத்தாவது வாரம்

அந்த மாசி மாதத்தில் நான் சாமியிடமே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதத்தில் மூன்று நாள் சாமி மேடைப் பக்கம் போகாமல், "அத்தே, இன்னைக்கு நீங்களே வெளக்கு ஏத்திடுங்க" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுகொள்வேன். உண்மையில் எனக்கு ஒன்றும் வரவில்லை. வராமல் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் இந்த நாடகம். கடையில் பேட் பாக்கெட் வாங்கி, குளியலறை அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். விளக்கை ஏற்றும்போது அத்தை முணுமுணுக்கும் மந்திரம் கேட்கும். அதற்குள் நான் அவசரமாக என் மன்னிப்பையும் சேர்த்து அனுப்பிவிடுவேன்.

புக்கிட் ரம்பாயில் ஒரு தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். என் கணவர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். அவருடைய அம்மா, அதாவது அத்தை, லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பல வருடம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். மகனுக்கு வேலை கிடைத்ததும் அவரோடு டவுனுக்கு வந்துவிட்டார். நான் புலாவ் செபாங்கில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் இரண்டு பிள்ளைகள் என் வயிற்றில் தங்கி, தங்காமல் போயிருந்தன.

முதல் தடவை நாள் தள்ளியது தெரிந்த அன்று மாலையே கணவரிடம் சொன்னேன். அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தையிடம் சொன்னார். மறுநாள் காலைக்குள் தாமானின் இரண்டு வரிசை வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது. காய்கறி லாரிக்காரர்கூட வாழ்த்துச் சொல்லி ஒரு கட்டு முருங்கைக்கீரை இனாமாகக் கொடுத்தார். எட்டாவது வாரத்தில் எல்லாம் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தேன். அத்தை கட்டில் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்: "என்னா சாப்புட்ட நீ?" யோசித்துப் பார்த்தேன். ஆபீசில் யாரோ கொடுத்த பப்பாளித் துண்டு ஒன்று நினைவுக்கு வந்தது. சொன்னேன். சொன்னது தப்பு. அடுத்த ஆறு மாதம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பப்பாளிக் கதை போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது தடவையும் அதே மாதிரிதான். சொன்னேன், ஊருக்குத் தெரிந்தது, ஒன்பதாவது வாரத்தில் போனது. அத்தை மறுபடி வந்து நின்றார். "என்னா சாப்புட்ட?" இந்தத் தடவை அகப்படவே ஒன்றுமில்லை. கடைசியில் அவரே ஞாபகப்படுத்தி, நான் ஒரு சனிக்கிழமை ஐஸ் கச்சாங் சாப்பிட்டதைக் கண்டுபிடித்தார். ஐஸ் போதுமாக இருந்தது. அப்போதெல்லாம் என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் படித்துக்கொண்டிருப்பார். பக்கம் மட்டும் திரும்பாது. அவர் கெட்டவரில்லை. ஆனால் அம்மா பேசும்போது அவருக்கு நாக்கு இல்லாமல் போய்விடும். அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் என்று எனக்கு எத்தனை தடவை தோன்றியிருக்கும்.

அதனால் மூன்றாவது தடவை ஒரு முடிவோடு இருந்தேன். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லப்போவதில்லை. கண் பட்டுவிடும் என்று என் அம்மா வீட்டில் சொல்வார்கள். கண்ணோ வாயோ, இரண்டிடமிருந்தும் இதை ஒளித்து வைக்க வேண்டும். கணவரிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் அத்தையிடம் சொன்ன மாதிரி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டவுனில் ஒரு கிளினிக்குக்குத் தனியாகப் போய்ப் பரிசோதித்தேன். டாக்டர் அம்மா, "கவலைப்படாம இருங்க, எப்பவும்போல இருங்க" என்றார். எப்பவும்போல இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. நான் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தேன்.

பத்தாவது வாரம் நடந்தது. இன்னும் இரண்டு வாரம். அதற்குள்தான் பருந்து வந்து சேர்ந்தது.

என் கணவருக்குப் பறவைப் பைத்தியம். தொழிற்சாலையில் ஒரு கூட்டாளி அந்தப் பைத்தியத்தை அவருக்கு ஒட்டவைத்தார். மாசி மாதத்தில் சுமத்ராவிலிருந்து தேன் பருந்துகள் கடலைத் தாண்டி வடக்கே திரும்பிப் போகும். அவை முதலில் கரையைத் தொடுகிற இடம் தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலான் கரையில் கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் காட்டு முனை. நிலம் அங்கே இருந்தாலும் கணக்குக்கு அது மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. மேலே பழைய கலங்கரை விளக்கம், கீழே இறங்கினால் பெரிய மரங்கள் கடல்வரை வந்து நிற்கும் சின்னச் சின்ன மணல் திட்டுகள். அந்த மாதிரி ஒரு திட்டில் பறவை பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருஷா வருஷம் கூடாரம் போடுவார்கள். "வருசத்துல ரெண்டு மூணு வாரந்தான். அதுங்க கண்ணு மட்டத்துல பறந்து வரும், நீ பாக்கணும்" என்று இரண்டு வருடமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் வருடம் கர்ப்பம் போய்ப் படுத்திருந்தேன். இரண்டாம் வருடம் கோபமாக இருந்தேன்.

இந்த வருடம் லீவு போட்டு, எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். மூன்று நாள்.

"நான் வரல. ஆபீஸ்ல வேல இருக்கு."

"உன் பாஸ்கிட்ட நான் போன் பண்ணிக் கேட்டுட்டேன். போயிட்டு வரச் சொல்லுன்னு சொன்னாரு."

அத்தையாவது தடுப்பார் என்று பார்த்தேன். கல்யாணமானதிலிருந்து நான் எதைச் செய்ய நினைத்தாலும் தடுத்தவர், அன்றைக்கென்று, "போயிட்டு வாயேன். வீட்லயே அடஞ்சி கெடக்குற. கடக்காத்து பட்டா ஒடம்பு கொஞ்சம் தேறும்லா" என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏன், ஒடம்புக்கு என்னா?"

அந்தக் கேள்வியோடு விளையாட முடியாது. இன்னொரு தடவை மறுத்திருந்தால் அத்தை நாள் கணக்கைத் தோண்ட ஆரம்பித்திருப்பார். "ஒண்ணுமில்லயே, போறேன்" என்றேன். ஒளித்துக் காப்பாற்றுவதற்காக அந்தப் பிள்ளையை மோட்டார்சைக்கிளில் ஏற்றினேன். இப்போது நினைத்தாலும் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது.

மஸ்ஜித் தானா தாண்டி, லூபோக் சீனா தாண்டி, லிங்கி பாலம் ஏறுகிறவரை சாலையில் எத்தனை குழி உண்டோ அத்தனையும் என் இடுப்புக்குத் தெரியும். குழி வரும்போதெல்லாம் பாதத்தை அழுத்தி எழுந்து நின்றுவிடுவேன். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "என்னா, குதிர ஓட்டுறியா?" நான் அடுத்த குழியைப் பார்த்தேன். லாரிகள் உரசிக்கொண்டு போயின. கையை வயிற்றில் வைக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டிருந்தேன். கை அங்கேதான் போனது.

முனையின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கூடாரம் இருந்த திட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, கலங்கரை விளக்கம் வரை ஏறி, அங்கிருந்து வேரும் கயிறும் பிடித்துக் காட்டுக்குள் செங்குத்தாக இறங்குவது. இன்னொன்று, தண்ணீர் வற்றியிருக்கும்போது பாறைகளைச் சுற்றிக் கடலோரமாகவே போவது. தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வழி மூழ்கிவிடும். நாங்கள் போனபோது வற்றியிருந்தது. பாறையெல்லாம் பாசி. அவர் முன்னால் பை தூக்கிக்கொண்டு ஆடு மாதிரித் தாவிப் போனார். நான் உட்கார்ந்து உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி வந்தேன். "இவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீ?" என்றார். ஆமாம் என்றேன்.

கூடாரங்களுக்கு நடுவில் நீலத் தார்ப்பாய் கட்டிய ஒரு சமையல் கொட்டகை. சமைத்தவர் பக்கத்து மலாய்க் கிராமத்தைச் சேர்ந்த ஒரு மீனவரின் மனைவி. ஐம்பது வயது இருக்கும். எல்லாரும் மலாய் வழக்கப்படி மக்சிக், பெரியம்மா, என்று கூப்பிட்டோம். என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக, காட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, தலைமுடியை அவிழ்த்துப் போடாதே என்று மலாயில் புத்தி சொன்னார். அத்தை என் பையில் எலுமிச்சம்பழம் போட்டு அனுப்பியிருப்பதைக் காட்டினேன். அது நல்லது, வைத்துக்கொள் என்று தலையாட்டினார். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் மொழிச் சிக்கல் வரவில்லை.

அன்றிரவு தூங்கவில்லை. மேலே காடு ஓயாமல் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைக் கேட்கவில்லை. என் உடம்புக்குள் ஏதாவது கேட்கிறதா என்றுதான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்த வலி சாதாரண வலி, எந்த வலி அந்த வலி? இரண்டு தடவை அனுபவித்தும் எனக்கு அது பிடிபடவில்லை.

மறுநாள் காலை முழுவதும் வானம் வெறுமையாக இருந்தது. பத்து மணி வாக்கில் வெயில் ஏறி, காட்டுக்கு மேலே காற்று சூடானால்தான் அவை வரும் என்றார்கள். எல்லாரும் திட்டின் ஓரத்தில் இருந்த பெரிய பாறைமேல் ஏறி பைனாகுலரும் கையுமாக நின்றார்கள். என் கணவரும் அங்கே. நான் பாறை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு மக்சிக் பக்கத்தில் வெங்காயம் உரித்தேன். மரத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் இலை தின்றுகொண்டிருந்தன. அதில் ஒன்றின் வயிற்றில் ஆரஞ்சு நிறக் குட்டி தொங்கியது. அவ்வளவு உயரத்தில் கிளைக்குக் கிளை தாவும்போது அந்தக் குட்டி விழவே விழாதா என்று நான் பதறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டாம் என்றாலும் கண் அங்கேதான் போனது; மக்சிக் குழம்புக்கு என்ன நறுக்குகிறார் என்றுகூடக் கவனிக்கவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு தயார். மஞ்சள் போட்ட தேங்காய்ப்பாலில் மீன் குழம்பு, மசாக் லெமாக். சாப்பிடப் பாறையிலிருந்து முதலில் இறங்கி வந்தது என் கணவர்தான். இரண்டு தட்டில் சோறு போட்டு, குழம்பை அள்ளி ஊற்றி, ஒன்றை என் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பாறைமேல் யாரோ கத்தினார்கள்: "வருது! வருது!"

எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தூரத்தில் தண்ணீருக்கு மேல் புள்ளி புள்ளியாக ஏதோ. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். நான் நின்றபடியே புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். முந்தைய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாததால் நல்ல பசி. குழம்பில் ஒரு புளிப்பு இருந்தது, நன்றாகவும் இருந்தது. அசாம் புளி போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மிருதுவாக ஒரு துண்டு வாயில் போனது, பிறகு இன்னொன்று. மூன்றாவதைக் கடித்து விழுங்கிய பிறகுதான் நாக்கில் நார் தட்டியது. தட்டைப் பார்த்தேன்.

அன்னாசி.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தட்டு கையிலிருந்து விழுந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஓடி, தொண்டைக்குள் விரலை விட்டேன். வந்தது பாதி, வராதது பாதி. கண்ணீரும் கோழையுமாக மணலில் உட்கார்ந்திருந்தேன். பப்பாளிக்கே ஆறு மாதம் என்றால் அன்னாசிக்கு ஆயுள் தண்டனைதான். அது முதலில் தோன்றியது. பிள்ளையைப் பற்றிய பயம் அடுத்த மூச்சில்தான் வந்தது. அந்த வரிசைக்காக நான் இன்றும் என்னை மன்னிக்கவில்லை.

நிமிர்ந்தபோது மக்சிக் ஒரு குவளை வெந்நீரோடு நின்றிருந்தார். விழுந்த தட்டை அவர் பார்த்திருந்தார். அதில் ஒதுங்கிக் கிடந்த அன்னாசியையும் பார்த்திருந்தார். அவர்கள் ஊரிலும் பிள்ளைத்தாய்ச்சிக்கு அன்னாசி கொடுக்கமாட்டார்கள்.

"எத்தனை மாசம்?" என்று மலாயில் கேட்டார்.

உலகத்தில் யாரிடமும் சொல்லாததை முதன்முதலில் அந்த அம்மாவிடம் சொன்னேன். விரலில் இரண்டரை காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஏன் முதலிலேயே சொல்லவில்லை, உனக்குத் தனியாக மீன் பொரித்திருப்பேனே என்று திட்டினார். பிறகு ஒரு சாரோங் துணியை விரித்து என்னைப் படுக்கவைத்தார். தன் முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தெரியாமல் ஒரு முழு அன்னாசியே தின்றதாகவும், அந்தப் பிள்ளை இப்போது ராணுவத்தில் இருப்பதாகவும் சொன்னார். என்னைத் தேற்றச் சொன்ன பொய் என்று நினைத்தேன். பொய்யாக இருந்தாலும் நல்ல பொய்.

அரை மணி நேரம் கழித்து அடிவயிறு இழுத்தது. எழுந்து மறைவுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பொட்டு அளவுக்கு ரத்தம்.

"மக்சிக்" என்றேன். அடிவயிற்றைக் காட்டினேன்.

அவர் பாறையைப் பார்த்து வாயில் கை குவித்துக் கத்தினார். என் கணவர் சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார். "நீ பாத்தியா? எவ்ளோ கிட்ட வருது பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நான் மாசமா இருக்கேன். பத்து வாரம். இப்ப ரத்தம் படுது" என்றேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். முட்டாள்தனமாக ஏதோ ஒன்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "போன மாசம் நீ வெளக்கு ஏத்தலயே?" என்றார்.

"நடிச்சேன்."

"என்கிட்டயுமா நடிச்ச?" குரல் உயர்ந்தது. "என்கிட்ட சொல்லியிருந்தா பைக்ல ஒக்கார வச்சிக் கூட்டிட்டு வந்திருப்பேனா? அந்தக் கொழம்ப அள்ளி வச்சிருப்பேனா?"

"ஒங்ககிட்ட சொன்னா யாருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்! ரெண்டு தடவ படுத்த படுக்கையில கெடந்தேன். என்னா சாப்புட்ட என்னா சாப்புட்டன்னு கேட்டாங்க. நீங்க பேப்பர் படிச்சிங்க!"

பாறைமேல் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உடனே கிளம்பத்தான் நினைத்தோம். பாறை வழியில் தண்ணீர் இடுப்பளவு ஏறியிருந்தது, அலையும் அடித்தது. காட்டு வழியில் கயிறு பிடித்து ஏற வேண்டும். அவர் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன் என்றார். மக்சிக் விடவில்லை. வழுக்கி விழுந்தால் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர் என்றார். நாலு மணிக்குத் தண்ணீர் இறங்கும், அதுவரை காலை மேலே தூக்கி வைத்துப் படுத்திரு, வேறு வழியில்லை. மணி அப்போது ஒன்றரை.

அந்த இரண்டரை மணி நேரத்தைப் போல நீளமான நேரத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அனுபவித்ததில்லை. அவர் ஒரு பாறையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்த சிப்பி வரியை அடையாளம் வைத்துக்கொண்டு, தண்ணீர் அதைவிட்டு இறங்கிவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து வந்தார். வரும்போதெல்லாம், "கொஞ்சம் எறங்கிருச்சு" என்றார். இறங்கியிருக்காது. நான் உள்ளே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பொட்டு இன்னொரு பொட்டானது. பிறகு அப்படியே நின்றது. நின்றதா, இல்லை உள்ளே சேர்கிறதா? யாரைக் கேட்பது?

பருந்துகள் அப்போதுதான் கூட்டம் கூட்டமாக வந்தன. படுத்த இடத்திலிருந்தே தெரிந்தது. கடலைத் தாண்டிய களைப்பா, கடலுக்கு மேல் ஏந்துவதற்குச் சூடான காற்று கிடைக்காததாலா, அவை மிகத் தாழ்வாக வந்தன. தண்ணீரை ஒட்டி இறக்கையை அடித்து அடித்து, கரை எட்டிய பிறகுதான் மரங்களுக்கு மேலே எழும்பின. தவிட்டு நிறமும் வெள்ளையும், வயிற்றில் வரிகளும், அந்தச் சின்னத் தலையும் எல்லாம் தெரிந்தன. இரண்டு வருடமாக அவர் எனக்குக் காட்ட நினைத்தது அதுதான். அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு பருந்து மட்டும் கூட்டத்திலிருந்து பின்தங்கி வந்தது. அலையில் இறக்கை நுனி பட்டது. பாறைமேல் இருந்தவர்கள், "கமோன், கமோன்" என்று அதைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். எனக்கு அதைப் பார்க்கத் திராணி இல்லை. அது விழுந்தால் நான் அதை எதோடு முடிச்சுப் போடுவேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது.

"வந்துருச்சா?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டேன்.

"வந்துருச்சு. அந்த மரத்துல ஒக்காந்திருக்கு."

துண்டை எடுத்து நான் பார்க்கவில்லை. அவர் நிஜத்தைச் சொன்னாரா என்று பல வருடம் கழித்தும் கேட்டிருக்கிறேன். வந்தது என்றுதான் சொல்வார். ஆனால் எந்த மரம் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு மரத்தைச் சொல்வார்.

நாலேகாலுக்குச் சிப்பி வரிக்குக் கீழே பாறை நனைந்து தெரிந்தது. முழங்கால் தண்ணீரில் அவர் முன்னாலும் மக்சிக் பின்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கூடாரத்திலிருந்த அவருடைய கூட்டாளி ஒருவர் காரை எடுத்தார். பின் சீட்டில் என் கணவர் மடியில் தலை வைத்துப் படுத்து வந்தேன். வழியில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் இறங்கி அவர் பொதுத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசினார். "அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்று திரும்பி வந்தார். எனக்குக் கோபப்படக்கூடச் சக்தி இல்லை.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்குள் என்னை மட்டும்தான் விட்டார்கள். டாக்டர் இளவயதுக்காரர். தமிழர்தான். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அங்குமிங்கும் நகர்த்தினார். நான் திரையைப் பார்க்காமல் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன்.

"பாருங்கம்மா" என்றார்.

சாம்பல் நிறத்துக்கு நடுவில் மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று இருந்தது. அதற்குள் ஏதோ விடாமல் துடித்தது. அவ்வளவு வேகமாக ஒன்று துடிக்க முடியுமா என்று எனக்கு அதற்கும் பயமாக இருந்தது. "அப்படித்தான் இருக்கணும்" என்றார். என் மகள் புரட்டாசியில் பிறந்தாள். இப்போது என்னைவிட உயரம்.

அன்னாசியைப் பற்றிக் கேட்டேன். முந்தைய இரண்டு தடவையைப் பற்றியும் கேட்டேன். பப்பாளி, ஐஸ் கச்சாங், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு துண்டு ரெண்டு துண்டுலலாம் ஒண்ணும் ஆவாதும்மா. மொத மூணு மாசத்துல போறது பெரும்பாலும் கரு சரியா அமையாததாலதான். தாய் செஞ்ச தப்பு இல்ல. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல" என்றார். ஒரு வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்.

வெளியே நடைபாதையில் பெஞ்சு. கணவர் நின்றுகொண்டிருந்தார். அத்தை டாக்சி பிடித்து வந்து எங்களுக்கு முன்பே காத்திருந்தார். வீட்டுச் சேலைதான், மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"இருக்கு" என்றேன்.

என் கணவர் சுவரைத் திரும்பிப் பார்த்து நின்று அழுதார். அத்தை அழவில்லை. என் முகத்துக்குக் கிட்டே குனிந்தார். அதே கேள்விதான்.

"அங்க என்னா சாப்புட்ட நீ?"

நான்கு வருடக் கோபமும் ஒன்றாகத் திரண்டு வந்தது. "அன்னாசி. மூணு துண்டு. நல்லா இருந்துச்சு."

"நான்தாம்மா அள்ளி வச்சேன்" என்றார் என் கணவர், சுவரிலிருந்து திரும்பி. "கேக்கறதா இருந்தா என்னையக் கேளு."

அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டைக்குத் தயாராகக் காத்திருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் ரெண்டு போயிருக்கு" என்றார். "இவனுக்கு முன்னால."

என் கணவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். தலைப்பிள்ளை, தலைப்பிள்ளை என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர் அவர்.

"மொதப் புள்ள பால்மர நெரையிலயே போயிருச்சு, பால் தூக்குற காண்டா வாளி தோள்ல இருக்கும்போதே. ரெண்டாவது வீட்ல. மறுநாளே விடியக்கால பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போயி நின்னேன். போவாட்டி கூலிக்குப் பேரு போட மாட்டாங்கல்ல. யாரும் ஒரு வார்த்த கேக்கல. ஒன் மாமாகூட கேக்கல. என்னாத்த தின்னேன், எங்க மிதிச்சேன்னு நானேதான் என்னைய கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். இன்னி வரைக்கும் தெரியல." துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஒனக்குப் போனப்போ, ஒங்கிட்ட கேட்டா தெரிஞ்சிரும்னு நெனச்சேன்."

பப்பாளியையும் ஐஸையும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். அவர் என்மேல் பழி போட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட கேட்டேன் அத்தே. சாப்புட்டதால ஒண்ணும் இல்லயாம். அது தாய் செஞ்ச தப்பு இல்லயாம்."

அவர் நிமிர்ந்தார். "அப்படியா சொன்னாரு?"

"ஆமா."

கொஞ்ச நேரம் ஸ்கேன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, மெல்லக் கேட்டார்.

"எனக்கும் சேத்தா சொன்னாரு?"

"ஒங்களுக்கும் சேத்துத்தான் அத்தே" என்றேன்.